"காட்டுக்கத்தல்" என்று சொன்ன எல்லோருக்கும்

பாட்டில் இரண்டே வகைதான் என்று எங்களை வளர்த்தவர்கள் சொல்லித்தந்தார்கள். ஒன்று கருத்துள்ள பாட்டு. மற்றது காட்டுக்கத்தல். கருத்துள்ள பாட்டுக்கு முதுகை நிமிர்த்தி இருக்கவேண்டும். காட்டுக்கத்தல் கேட்பதென்றால் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கவேண்டும், அதுவும் வீட்டுப்பாடம் முடித்தபிறகு.

இந்தப் பிரிப்பு பிழை. அதுவும் கெடுதல் செய்கிற பிழை. எங்கள் வீடுகளில் பேசாமல் மூடிவைத்திருக்கும் பல விஷயங்கள் மூடியே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. பதினொரு வயதில் ஒரு "காட்டுக்கத்தல்" குழுவின் பாட்டு, தமிழ் வகுப்பும் மண்டபக் கூட்டங்களும் திறக்காத ஒரு கதவை எங்கள் வீட்டில் திறந்தது. அந்தக் கதவைப் பற்றித்தான் இது.

முதலில் பொப் பங்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு இது பெரிய அக்கா அண்ணாமாரின் பழைய பிளேலிஸ்ட். வேகமான கிற்றார், மூன்று நான்கு கோர்ட், கூட்டமாகக் கத்திப் பாடக்கூடிய பல்லவி. பள்ளிக்கூடம் அலுப்பு, அம்மா அப்பாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை, அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, இவைதான் வழக்கமான விஷயங்கள். தொண்ணூறுகளின் நடுவில் கிறீன் டேயும் பிறகு பிளிங்க் 182உம் இதைப் பெரிதாக்கினார்கள். கனடாவில் மொன்றியலிலிருந்து சிம்பிள் பிளான் வந்தது. ஏஜக்ஸிலிருந்து சம் 41 வந்தது.

ஆம், ஏஜக்ஸ். ஸ்காபரோவிலிருந்து 401இல் கிழக்கே போனால் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும் அதே ஏஜக்ஸ். உங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சித்தியோ மாமாவோ இருப்பார். எனக்குப் பெரியம்மா இருந்தா. ரொறன்ரோவிலிருந்து தள்ளியிருக்கும் அந்த அமைதியான ஊரில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த பெடியள் சிலர் 1996இல் தொடங்கிய குழு அது. 2001இல் 'ஃபற் லிப்' பாட்டோடு உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். வீடியோவில் ஸ்கேட்போர்ட், கூட்டம், கூத்து. கிற்றார் வாசித்தவர்களில் ஒருவர் டேவ் பக்ஷ். அவருடைய குடும்பம் கயானாவுக்குப் போன இந்திய வம்சாவளி. மேடையில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பிரவுண்சவுண்ட். மச் மியூசிக் சனலில் எங்கள் நிறத்தில் ஒருவர் கிற்றாரைக் கிழிகிழி என்று கிழிப்பதைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. அதற்கு மேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

தமிழ் வகுப்பில் 'எனக்குப் பிடித்த பாடல்' என்று கட்டுரை கேட்டபோது நான் இந்தக் குழுவைப் பற்றித்தான் எழுதினேன். சந்திப்பிழை இல்லாமல் ஒரு பக்கம். சிவப்பு மையில் "வேறு பாடல் எழுதவும்" என்று திரும்பி வந்தது. பாட்டு எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் சிவப்பு மையில் இல்லை. கேள்வி வராததில்தான்.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன்.

2004 ஒக்ரோபரில் அவர்களின் 'சக்' என்ற அல்பம் வெளிவந்தது. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, அதை வாங்கி வைத்திருந்தான். அதில் 'வி ஆர் ஓல் ரு பிளேம்' என்று ஒரு பாட்டு. நாங்கள் எல்லோருமே பொறுப்பாளிகள் என்பது தலைப்பின் பொருள். தொடக்கத்தில் இடி விழுவதுபோல் கிற்றார், அதன்மேல் கத்தல். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கி, மெல்லிய மெட்டில் பல்லவி. பயத்தை விற்கிற ஒரு உலகத்தைப் பற்றியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களைப் பற்றியும் அது பேசுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முழுக்க விளங்கியது என்று சொல்லமாட்டேன். கத்தலும் தாழ்ந்த குரலும் ஒரே பாட்டுக்குள் இருக்கலாம் என்பது மட்டும் விளங்கியது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

'சக்' என்பது ஒரு மனிதரின் பெயர் என்று அண்ணா சொன்னான். அந்த வருடம் மே மாதக் கடைசியில் குழுவினர் வோர் சைல்ட் கனடா என்ற அமைப்போடு கொங்கோ ஜனநாயகக் குடியரசுக்குப் போயிருந்தார்கள். போர் அங்குள்ள பிள்ளைகளை என்ன செய்தது, சிறுவர்கள் கையில் எப்படித் துவக்குக் கொடுக்கப்பட்டது என்று ஆவணப்படம் எடுப்பதுதான் திட்டம். 1998இல் தொடங்கிய பெரிய போர் 2003இல் ஒப்பந்தத்தோடு முடிந்ததாகச் சொல்லப்பட்டது. கிழக்குப் பக்கத்தில் அது முடியவில்லை. அவர்கள் போய்ச் சில நாட்களிலேயே புக்காவு நகரத்தில் சண்டை வெடித்தது. விடுதிக்கு வெளியே சூடும் ஷெல்லும். உள்ளே ஏஜக்ஸ் பெடியள். அதே விடுதியில் தங்கியிருந்த ஐ.நா.வைச் சேர்ந்த கனடியர் சக் பெல்லெற்றியே கவச வாகனங்களை வரவழைத்து, அவர்களையும் அங்கிருந்த மற்றவர்களையும் வெளியே எடுத்தார். ஜூன் 2ஆம் திகதி நகரம் கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. உயிரோடு திரும்பியவர்கள் தங்கள் அல்பத்துக்கு அந்த மனிதரின் பெயரை வைத்தார்கள்.

அந்த ஆவணப்படம் 'றொக்ட்: சம் 41 இன் கொங்கோ' என்ற பெயரில் வந்தது. அண்ணா டிவிடியைக் கொண்டுவந்தான். எங்கள் பேஸ்மென்றில் இருந்து பார்த்தோம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் போருக்குப் போர் என்று பெயர் இல்லை. 'பிரச்சினை' என்றுதான் பெயர். "பிரச்சினை நேரம் வெளிக்கிட்டனாங்கள்." அதோடு கதை முடிந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் நீங்கள் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். கார்த்திகை மாதம் மண்டபத்தில் விளக்கேற்றுவார்கள், பெரியவர்கள் பேசுவார்கள், மைக்கில் கவிதை வாசிப்பார்கள். நாங்கள் நிமிர்ந்து நிற்போம். அழுகிற அம்மாவைக் கண் ஓரத்தால் பார்ப்போம். வீட்டுக்கு வந்தால் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கேட்டால் "நீ படி" என்பார்கள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெடிச்சத்தம் கேட்கிற இடம். அம்மா உடுப்புக் கூடையோடு கீழே வந்தவ, நின்றுவிட்டா.

"சன்னலுக்குக் கிட்ட நிக்கிறாங்கள். விசரங்கள்" என்றா.

பிறகு, யாரும் கேட்காமலே: "முதல் கேட்கிறது குத்துற சத்தம். அது கேட்டவுடன எண்ணத் தொடங்கவேணும். விழுற சத்தம் கேட்டால் நாங்கள் உயிரோட இருக்கிறம் எண்டு அர்த்தம்."

"எத்தனை மட்டும் எண்ணுவீங்கள் அம்மா?"

"அது தூரத்தைப் பொறுத்தது."

சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கத் தொடங்கினா. மடித்து முடிக்கும்வரை இன்னும் சொன்னா. பங்கருக்குள் தண்ணீர் நிற்கும் என்றா. அம்மம்மா அதற்குள்ளும் வெற்றிலைப் பெட்டியை விடமாட்டா என்றா. அதைச் சொல்லும்போது சிரித்தா. பதினொரு வருடத்தில் என் அம்மா தன் போரைப் பற்றி என்னிடம் பேசிய முதல் அரை மணித்தியாலம் அது. அதற்குக் காரணம் தமிழ்க் கவிதை இல்லை. மேடைப் பேச்சு இல்லை. சன்னலுக்குக் கிட்ட நின்ற நாலு விசரன்கள்.

ஏன் அப்போது? நான் பல வருடம் யோசித்துக் கண்ட பதில் இதுதான். அந்த இடத்தில் அம்மாவை யாரும் துக்கமாக இருக்கச் சொல்லவில்லை. மைக் இல்லை, விளக்கு இல்லை, "எங்கள் இனத்தின் வரலாறு" என்ற பாரம் தோளில் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு கோமாளிக் குழுவின் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோமாளித்தனம்தான் அறையில் இடம் பண்ணிக் கொடுத்தது. கருத்துள்ள பாட்டுக்கு முன்னால் நாங்கள் மரியாதையாக நிற்போம், ஆனால் கேள்வி கேட்கமாட்டோம். கேள்வி கேட்கப் பயமில்லாத இடம் காட்டுக்கத்தலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சரி, இதற்கு வரும் மறுப்புகளைப் பார்ப்போம்.

முதல் மறுப்பு இசை விமர்சகர்களிடமிருந்து. "பிறகு அந்தக் குழு முதிர்ச்சி அடைந்தது" என்று எழுதுவார்கள். சின்னப்பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு ஒரு நல்ல பாட்டுப் போட்டார்களாம். இது பொய்க் கதை. 2002இல் வந்த அவர்களின் அல்பத்திலேயே 'த ஹெல் சோங்' இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றிய ஒரு சிநேகிதிக்காகப் பாடகர் டெரிக் விப்லி எழுதிய பாட்டு அது. அதன் வீடியோவை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? பொம்மைகளை வைத்து! கையால் ஆட்டுகிற பிளாஸ்ரிக் பொம்மைகள். 'வி ஆர் ஓல் ரு பிளேம்' வீடியோவோ எண்பதுகளின் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியைக் கிண்டல் செய்து எடுத்தது. இவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு முதிர்ச்சிக்கு வரவில்லை. பாரமானதை விளையாட்டின் தோளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

மற்றக் குழுக்களும் அப்படித்தான். பிளிங்க் 182 உடுப்பில்லாமல் தெருவில் ஓடுகிற வீடியோ போட்ட 1999ஆம் ஆண்டு அல்பத்தில்தான், வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிற ஒரு இளைஞனின் தனிமையைப் பற்றிய 'அடம்ஸ் சோங்' இருக்கிறது. சிம்பிள் பிளானின் 2004 அல்பத்தின் கடைசிப் பாட்டு, குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனால் ஒரு குடும்பத்துக்கு வந்த இழப்பை வீடியோவில் காட்டியது. அந்தப் பாட்டுகளைத் தேடிப் போனவர்கள் குறைவு. பகிடிக்காக வாங்கிய சீடியில் அவை இருந்தன. பதின்மூன்று வயதுப் பிள்ளை "எனக்குத் தனிமை பற்றிய பாட்டு வேண்டும்" என்று கடைக்குப் போய்க் கேட்காது. பகிடியோடு சேர்ந்து வந்தால்தான் அது அந்தப் பிள்ளையின் கையில் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. "சில நாள் போய் வந்து போரைப் பாட்டு விற்கப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்குக் கவச வாகனம் வந்தது. புக்காவு சனத்துக்கு யார் வந்தது?"

இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். சரியான கேள்வி. ஆனால் அதை முதலில் எனக்குள் போட்டதே அந்த டிவிடிதான். வாகனம் விடுதியில் இருந்தவர்களை ஏற்றியது. ஊர் அங்கேயே நின்றது. யாருக்கு வாகனம், யாருக்கு இல்லை என்பதை யாரோ எங்கேயோ முடிவு செய்கிறார்கள் என்று அப்போது பிடிபட்டது. 2008 செப்ரெம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் வன்னியைவிட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று கிளிநொச்சியில் சனம் வாசலில் நின்று கெஞ்சிய படங்களை நான் பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது. புரியாத ஒரு அரசியல் செய்தியாக எனக்கு அது இருக்கவில்லை. வாகனம் போகிறது, ஊர் நிற்கிறது. அந்தக் காட்சி எனக்கு ஏற்கெனவே தெரியும். 2009 மே 10ஆம் திகதி ரொறன்ரோவில் எங்கள் சனம் காடினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தபோது, பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் "ஏன் றோட்டை மறிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். புக்காவுவிலிருந்து தொடங்கித்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். சம் 41ஐ அவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சியைத் தெரியாது. ஐ.நா. தன் பொறுப்பில் தவறியது என்று அதன் சொந்த உள்ளக விசாரணையே 2012 நவம்பரில் சொன்னது. எனக்கு அது புதினம் இல்லை.

மூன்றாவது மறுப்பு என்னுடையதே. "எல்லோரும் பொறுப்பாளிகள்" என்பது ஆபத்தான வசனம். எல்லோரும் என்றால் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும். ஷெல் அடித்தவனும், பங்கருக்குள் எண்ணிக்கொண்டிருந்தவளும் ஒரே தராசில் ஏறிவிடுவார்கள். எங்களுக்கு இந்த "இரண்டு பக்கமும்" பேச்சு நன்றாகப் பழக்கம். ஆகவே அந்தத் தலைப்பை நான் அப்படியே ஏற்கவில்லை. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவருக்குப் பெயர் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். பொறுப்பு என்பது தூரத்தில் இருக்கிறவருக்கும் உண்டு.

அதற்கும் ஏஜக்ஸே உதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது ஷெல்லுக்கு மருந்து நிரப்புகிற தொழிற்சாலையைச் சுற்றித்தான் அந்த ஊர் உருவானது. 1939இல் தென் அமெரிக்கக் கரைக்கு அருகே ஜேர்மன் கப்பலோடு சண்டையிட்ட ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் நிரப்பிய ஷெல்கள் ஏறத்தாழ 4 கோடி. ஹிட்லருக்கு எதிரான போர் அது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அமைதியான புறநகர் என்று நாங்கள் நினைக்கிற இடத்துக்கும் எங்கோ விழுகிற ஷெல்லுக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லமுடியாது. கிழக்குக் கொங்கோவில் தோண்டுகிற கோல்ற்றான் என்ற கனிமம் உங்கள் கையில் இருக்கிற போன் போன்ற கருவிகளுக்குப் போகிறது. அந்தச் சுரங்கங்களின் காசு ஆயுதக் குழுக்களுக்கும் போயிருக்கிறது. இதற்குள் நாங்களும் இருக்கிறோம் என்பதைப் பதினொரு வயதில் எனக்குச் சொன்னது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை.

சம் 41 இப்போது இல்லை. 2025 ஜனவரி 30ஆம் திகதி ரொறன்ரோவில் கடைசி நிகழ்ச்சி செய்துவிட்டுப் பிரிந்தார்கள். அந்த வருடமே கனடிய இசையின் புகழ்க்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இனி அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். இருபது வருடம் பிந்திய மரியாதை. எனக்கு அது தேவையில்லை. எனக்கு வேண்டியது இன்றைக்குப் பதினொரு வயதில் இருக்கிற பிள்ளைக்கு.

என் வயதுக்காரரே, உங்களுக்குத்தான் இது. இப்போது நாங்களே அம்மா அப்பா ஆகிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் போனில் கேட்கிறதைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். சிவப்பு மை இப்போது எங்கள் கையில் இருக்கிறது. அதை வீசுங்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்கிற நேரத்தில் "இது என்ன சொல்லுது?" என்று கேட்கலாம். இரண்டு கேள்விக்கும் ஒரே மூச்சுத்தான் செலவு.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் கேட்கிற பாட்டைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்காதீர்கள். உடுப்பு மடிக்கிற நேரம் பார்த்து, குசினியில் வெங்காயம் வெட்டுகிற நேரம் பார்த்து, சத்தமாகப் போடுங்கள். திட்டு விழும், விழட்டும். சில நாளில் திட்டுக்குப் பிறகு ஒரு கதையும் வரும். அப்போது போனைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மட்டும் எண்ணினார்கள் என்று கேளுங்கள்.